சாலம்மாள் கோபித்துக்கொண்டு போன நேரம்

வெள்ளிமலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதில் மலர்விழிக்கும் ஜீவாவுக்கும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டிலேயே சண்டை வந்துவிட்டது. மலர்விழிக்கு முப்பது வயது. ஜீவாவுக்குப் பத்து. அத்தையும் மருமகளும் இப்படித்தான், எதற்கும் சண்டை போடுவார்கள். கடைசியில் ஜன்னல் ஜீவாவுக்குப் போனது. மலர்விழி நடுவில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த அண்ணி நிர்மலாவின் முந்தானையை இழுத்துச் சரி செய்தாள்.

"இன்னா அண்ணி, மூஞ்ச இப்பிடி வச்சிகினு வர? ஆஸ்பத்திரிக்கா போறோம்?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா சிரி."

நிர்மலா சிரிக்கவில்லை. மலர்விழி வற்புறுத்திக் கட்டவைத்த மஞ்சள் புடவை அவளுக்கு உடம்பில் ஒட்டவில்லை. இந்த ஒன்றிரண்டு வருஷமாக அவள் வெளிர் நிறம் தவிர வேறு எதையும் கட்டியதில்லை.

நிர்மலா கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் இருப்பவள். கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போய்வந்து மகளைப் படிக்கவைக்கிறாள். விஷச்சாராயம் அந்தத் தெருக்களில் வீடு வீடாகப் புகுந்து ஆட்களைக் கொண்டுபோன ஜூன் மாதத்தில் அவள் புருஷன் செழியனும் போனான். மலர்விழி செழியனின் ஒரே தங்கை. அடுத்த தெருவில்தான் அவளைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அண்ணனை எடுத்துக்கொண்டு போன அன்று அண்ணியின் கையைப் பிடித்தவள், அதற்குப் பிறகு விடவில்லை. தினமும் துணிக்கடை வேலை முடிந்ததும் நேராக நிர்மலா வீட்டுக்கு வந்து, ஜீவாவோடு ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவாள்.

அண்ணிக்கு இன்னொரு கல்யாணம் என்ற பேச்சை எடுத்ததும் அவள்தான். கேட்ட மாத்திரத்தில் நிர்மலா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். மலர்விழி அதற்கெல்லாம் அசரவில்லை. பேசாத அண்ணியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தானே கேள்வி கேட்டு தானே பதிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் நிர்மலாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி, பாக்குறேன். பாக்கத்தான். வேற ஒண்ணும் இல்ல," என்றாள்.

மாப்பிள்ளை பெயர் ராஜாங்கம். கச்சிராயபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். மலர்விழியின் புருஷன் டிராக்டர் ஓட்டுகிறவன், கரும்புக் கொல்லைகளுக்குப் போகவர இருந்ததில் அவரைப் பழக்கம். நாற்பதைத் தாண்டிய ராஜாங்கத்துக்கு இதுவரை கல்யாணம் ஆகவில்லை. அப்பா கைகால் விழுந்து படுக்கையில் கிடந்தார். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்து, கடையையும் பார்த்துக்கொண்டு இருந்ததில் பெண் பார்க்கிற வயது போய்விட்டது. போன வருஷம் அப்பா இறந்தார்.

வீட்டுக்கு வந்து பெண் பார்க்க வேண்டாம் என்று நிர்மலா கறாராகச் சொல்லியிருந்தாள். தெருவே வாசலில் வந்து நிற்கும். அதனால் மலர்விழி போட்ட திட்டம்தான் இந்த ஒரு நாள் சுற்றுலா. கல்வராயன் மலைமேல் கரியாலூரில் பூங்கா இருக்கிறது, படகு விடுகிறார்கள். அதற்குப் பக்கத்தில் மலைக்காரர்களின் பழைய வாழ்க்கையை அப்படியே நடத்திக் காட்டுகிற அருங்காட்சியகம் ஒன்றும் புதிதாகத் திறந்திருக்கிறது. பார்த்தது போலவும் இருக்கும், போய்வந்தது போலவும் இருக்கும்.

ஜீவாவிடம், "மாமாவோட பிரண்டு ஒருத்தரும் வராரு," என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். "எதுக்கு?" என்று அவள் கேட்டாள். "சுத்திப் பாக்கத்தான்," என்றாள் மலர்விழி. ஜீவா அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது நிர்மலாவுக்கு உறுத்தலாக இருந்தது.

கச்சிராயபாளையத்தில் ராஜாங்கம் ஏறினார். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை, கையில் தூக்குச் சட்டி. "வாங்கண்ணே!" என்று மலர்விழி பஸ் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். அவர் நிர்மலாவைப் பார்த்து, "வணக்கம்ங்க," என்றார். நிர்மலா தலையை ஆட்டினாள். உட்கார இடம் இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார்.

கோமுகி அணை தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியது. ஆவணி பிறந்து லேசாக மழை பெய்திருந்ததால் இரண்டு பக்கமும் பச்சையாக இருந்தது. வளைவுச் சுவர்களில் குரங்குகள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பஸ்ஸை வேடிக்கை பார்த்தன. கீழே கரும்பும் மரவள்ளியும் கட்டம் கட்டமாகத் தெரிந்து, பிறகு மேகத்துக்குள் மறைந்தன.

"காது அடைக்குது," என்றாள் ஜீவா.

"எச்சி முழுங்கு பாப்பா. தொறந்துக்கும்," என்றார் ராஜாங்கம். அன்று காலை அவர் பேசிய இரண்டாவது வாக்கியம் அது.

ஜீவா விழுங்கினாள். காது திறந்துகொண்டது. ஆனால் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

பூங்காவில் கூட்டம் அதிகம் இல்லை. குளிரும் காற்றும் சேர்ந்து அடித்தன. ஏரியில் மிதிபடகுகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ஜீவா ஊஞ்சல், சறுக்கு மரம் என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினாள். பசி எடுத்ததும் புல்லில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தார்கள். நிர்மலா புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி எடுத்து வந்திருந்தாள். ராஜாங்கம் தூக்குச் சட்டியைத் திறந்தார். எலுமிச்சம் சோறு. மேல் தட்டில் வேர்க்கடலைத் துவையல்.

"ஓட்டல்லயா வாங்குனீங்க?" என்று கேட்டாள் மலர்விழி.

"நான்தான்ம்மா ஆக்குனேன். எங்கப்பாவுக்கு ஓட்டல் சாப்பாடு ஆவாது. அப்ப கத்துக்கினது."

நிர்மலா துவையலைத் தொட்டு ஒரு வாய் சாப்பிட்டாள். அம்மியில் அரைத்த துவையல் என்று நாக்குக்குத் தெரிந்தது. இன்னொரு உருண்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மலர்விழி அதைப் பார்த்துவிட்டு மேகத்தைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவக் குழாயடிக்குப் போனபோது நிர்மலா மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"மலரு, இது வாணாம். நாம கெளம்பிடலாம்."

"ஏன், ஆளு புடிக்கலயா?"

"ஆளு இன்னா ஆளு. அது இல்ல." அவள் தட்டைக் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவின தட்டையே திரும்பவும் கழுவினாள். "நான் இன்னொருத்தர கட்டிக்கினா உனக்கு நான் யாரு? உங்கண்ணன் வூட்டு ஒறவே அத்துப் போயிடும். நீ வந்துகினு போய்க்கினு இருக்கறதும் நின்னுடும். எனக்கு அது தாங்காது."

மலர்விழி கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"காலைலேர்ந்து அவர நான் இன்னான்னு கூப்புடுறேன்?"

"அண்ணேன்னு."

"அப்ப நீ அவர கட்டிக்கினா எனக்கு யாரு?"

நிர்மலா தட்டோடு நிமிர்ந்தாள்.

"அண்ணிதான். இப்பவும் அண்ணி, அப்பவும் அண்ணி. இத நான் யோசிக்காமயா இவ்ளோ தூரம் இட்டாந்தேன்?" மலர்விழியின் குரல் லேசாகக் கம்மியது. உடனே சரிசெய்துகொண்டு, "ஜீவா! வாடி, போட்ல போலாம். நான்தான் மிதிப்பேன், நீ சும்மா உக்காரணும்," என்று கத்திக்கொண்டே நடந்தாள்.

அத்தையும் மருமகளும் யார் மிதிப்பது என்று சண்டை போட்டபடி படகில் ஏறினார்கள். போகும் முன், "நீங்க ரெண்டு பேரும் மியூசியத்த பாத்துகினு இருங்க. நாங்க பின்னாடியே வந்துடுறோம்," என்று மலர்விழி சொல்லிவிட்டாள். அதனால் நிர்மலாவும் ராஜாங்கமும் சவுக்கு வரிசை ஓரமாக நடந்தார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மாட்டு வண்டி போகலாம் போல இடைவெளி இருந்தது.

"மலையில கரண்டு கம்மியா வரும். அதனால மோட்டார் சீக்கிரம் காயில் போயிடும்," என்றார் ராஜாங்கம்.

"ம்."

"ஓல்டேஜ் சரியா இருந்தா போவாது."

"ம்."

அதற்குப் பிறகு அவருக்கு மோட்டாரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. நிர்மலாவிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. இந்தப் பேச்சு தொடங்கிய நாள் முதல் வைத்திருந்த கேள்வி. அதை அவள் இன்னும் கேட்கவில்லை.

அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டிகள் இருக்கும் என்று நிர்மலா நினைத்திருந்தாள். அங்கே மண்சுவரும் புல்கூரையுமாக ஒரு சின்ன ஊரையே கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் அந்தப் பக்கத்து மலைக்காரக் குடும்பம் ஒன்று. காலையில் பைக்கில் வந்து இறங்கி, உடை மாற்றிக்கொண்டு, அவர்களுடைய பாட்டன் காலத்தில் எப்படி இருந்தார்களோ அப்படிப் பொழுதைக் கழித்துக் காட்டுவார்கள். கேட்டால் பதில் சொல்வார்கள். சாயங்காலம் திரும்பவும் பேண்ட்டு சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய் டிவி பார்ப்பார்கள். வேலை நேரத்தில் செல்போன் மட்டும் கூடாது.

கடைசி வீட்டில் கருப்பண்ணனும் அவர் மனைவி சாலம்மாளும் இருந்தார்கள். கருப்பண்ணன் சுவரோரம் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார். சாலம்மாள் அடுப்பில் மண்பானையை ஏற்றி, சாமைச் சோறு கிண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரைப் பார்த்ததும் உற்சாகமாக ஆரம்பித்தாள்.

"வாங்க, உக்காருங்க. இது சாமை. எங்க கொல்லையில வெளைஞ்சது. இத குத்தி, பொடச்சி, ஒலையில போடணும். அந்தக் காலத்துல வெளிச்சம் கெடையாது, ரோடு கெடையாது. காட்டுல புலி இருந்திச்சி. ராத்திரியில ஒரு சத்தம் கேட்டா..."

அப்போது ஒரு சத்தம் கேட்டது. தானியம் கொட்டிவைக்கும் குதிருக்குள்ளிருந்து ஒரு குத்துப்பாட்டு பெரிய சத்தத்தில் அலறியது.

ராஜாங்கம் திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். கருப்பண்ணன் பாய்ந்து போய்க் குதிருக்குள் கையை விட்டுத் துழாவி, செல்போனை எடுத்து அமர்த்தினார். சாலம்மாள் சோறு கிண்டுகிற மரத்துடுப்பைக் கீழே வைத்தாள்.

"கிரிக்கெட் ஸ்கோரு பாக்கறதுக்கு குதிருக்குள்ள செல்போன ஒளிச்சி வச்சிகினியா? நான் இங்க வாயி வலிக்க புலி கதை சொல்லிகினு கீறேன். நேத்தும் இப்பிடித்தான், வெளியூர்க்காரங்க முன்னாடி மானம் போச்சி. நீயே சோறாக்கு, நீயே புலி கதையும் சொல்லு. நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்."

அவள் வேகவேகமாக வெளியே நடந்தாள். கருப்பண்ணன் வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவில் நின்று தவித்தார்.

"ஏங்க, அஞ்சே நிமிசம்ங்க. அவ நெசமாவே பஸ் ஏறிடுவா. போன தடவ ஏறிட்டா. இந்தப் பானைய மட்டும் கொஞ்சம் கிண்டி வுடுங்க. அடிப்புடிச்சா அதுக்கும் எனக்குத்தான் திட்டு வுழும்." சொல்லிக்கொண்டே அவர் ஓடிவிட்டார்.

நிர்மலாவும் ராஜாங்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பானை கொதித்தது. ராஜாங்கம் துடுப்பை எடுத்துக்கொண்டு அடுப்பருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நிர்மலா எதிரில் உட்கார்ந்து விறகைத் தள்ளினாள்.

"தீ கம்மி பண்ணுங்க," என்றார்.

"பண்ணிகினுதான் இருக்கேன்."

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். ஆறாம் வகுப்பு இருக்கும். வாசலிலும் உள்ளேயும் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கூட்டி வந்த டீச்சர் அருள்மொழி பின்னால் நின்றபடி, "ஒவ்வொருத்தரா கேக்கணும். அவங்க வேலைய கெடுக்கக் கூடாது," என்றார்.

"டீச்சர், நாங்க இந்த வூட்டுக்காரங்க இல்லைங்க. நாங்களும் சுத்திப் பாக்கத்தான் வந்தோம்," என்றார் ராஜாங்கம்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"நடிக்கிறாரு மிஸ்! மொத வூட்ல இருந்தவரும் கரண்டுன்னா இன்னான்னு கேட்டாரு. இடுப்புல பைக் சாவி சொருவியிருந்திச்சி!"

"நீங்க ஏன் சட்ட போட்டுகினு இருக்கீங்க? அந்தக் காலத்துல சட்ட ஏது?" என்று ஒரு பையன் கேட்டான்.

ராஜாங்கம் தன் இஸ்திரி சட்டையைப் பார்த்துக்கொண்டார். "குளுருதுப்பா," என்றார்.

மறுபடியும் சிரிப்பு. டீச்சரும் சிரித்தார். இனிச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று நிர்மலாவுக்குத் தெரிந்துவிட்டது. ஏனோ அவளுக்குக் கூச்சமாக இல்லை. இந்த மண்வீட்டுக்குள் அவள் செழியனின் பெண்சாதி இல்லை, கருணாபுரத்துச் சாவு வீட்டுக்காரி இல்லை, பாவம் என்று யாரும் பார்க்கவில்லை. அடுப்பருகே உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

"இது இன்னா சோறு?"

"சாமைச் சோறு. குத்தி, பொடச்சி, ஒலையில போடணும்," என்றாள் நிர்மலா, சாலம்மாள் சொன்னது போலவே.

"தெனமும் நீங்கதான் சமைப்பீங்களா?"

"நானும் சமைப்பேன்," என்றார் ராஜாங்கம்.

"உங்களுக்குக் கல்யாணமாயி எத்தினி வருசம் ஆவுது?"

ராஜாங்கத்தின் கை நின்றது. காதெல்லாம் சிவந்துவிட்டது. நிர்மலாவுக்கே தெரியாமல் அவள் வாயிலிருந்து பதில் வந்தது.

"இன்னும் எண்ண ஆரம்பிக்கல."

பிள்ளைகளுக்கு இது பெரிய நகைச்சுவையாக இருந்தது. பின்வரிசையில் இருந்த பையன், "சண்ட போடுவீங்களா?" என்று கத்தினான்.

"இதுவரைக்கும் இல்லப்பா. நேரமே கெடைக்கல," என்றார் ராஜாங்கம்.

முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு சின்னப் பெண், இரட்டைப் பின்னல் போட்டவள், நிர்மலாவையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மெதுவாகக் கேட்டாள்: "இவரு நல்லவரா?"

நிர்மலா நிமிர்ந்து, அன்று முதல் தடவையாக, ராஜாங்கத்தை நேராகப் பார்த்தாள். நெற்றியில் புகையும் வேர்வையும் இருந்தன. கண்ணில் பரீட்சை எழுதுகிறவனின் பயம் இருந்தது.

"தொவையல் நல்லா அரைக்கிறாரு," என்றாள்.

ராஜாங்கம் துடுப்பைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டார். அதை எடுக்கப் போய் விரலைச் சுட்டுக்கொண்டார்.

பிள்ளைகள் சிரித்து ஓய்வதற்குள், வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"இந்த வூட்ல பொண்ணு இருந்தா எங்க படுக்கும்?"

நிர்மலா அந்தக் குரலைக் கேட்டதும் எழுந்தேவிட்டாள். ஜீவா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். படகுத் தண்ணீரில் பாவாடை நனைந்திருந்தது. அவள் பின்னால் மலர்விழி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். எப்போது வந்தார்கள், எதையெல்லாம் கேட்டார்கள் என்று தெரியவில்லை. ஜீவா அம்மாவைப் பார்க்கவில்லை. அவள் ராஜாங்கத்தைப் பார்த்துக் கேட்டாள். விளையாட்டுக்காகக் கேட்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மற்ற பிள்ளைகளுக்கு அவளும் ஒரு பார்வையாளர்தான். "ஆமா, எங்க படுக்கும்? ஒரே ரூம்புதானே கீது," என்று இன்னொருத்தியும் கேட்டாள்.

ராஜாங்கம் துடுப்பைப் பானை மேல் குறுக்காக வைத்தார். எழுந்து நின்று அந்த வீட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். வேலைக்குப் போன இடத்தில் மோட்டாரைப் பிரிக்கும் முன் சுற்றிப் பார்ப்பாரே, அப்படி.

"கதவாண்ட காத்து அடிக்கும். அடுப்பாண்ட பொக," என்றார். "அந்த மூலையில ஜன்னல் கீது. அங்க நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுது. ஆனா நான் சொல்லக் கூடாது. அந்தப் பொண்ணு வந்து பாத்து, எந்த எடம்னு அதுவே சொல்லணும்."

"புடிக்கலன்னா?" என்றாள் ஜீவா.

"வேற எடம் பாக்கணும்."

"இந்த வூடே புடிக்கலன்னா?"

ராஜாங்கம் யோசித்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு எந்த வூட்ல இருக்குதோ, அந்த வூட்டுக்கு நான் போவணும். அதுவும் அது வரச் சொன்னாத்தான்."

ஜீவா அதை மனதில் போட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இருட்டுன்னா எனக்கு... அந்தப் பொண்ணுக்கு பயம்," என்றாள்.

"சின்னதா ஒரு லைட்டு போட்டுடலாம். நான் கரண்டு வேலதான் பாக்குறேன்."

"அந்தக் காலத்துல ஏது கரண்டு!" என்று முழு வகுப்பும் கூவியது. ராஜாங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஜீவாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பிள்ளைகளின் நடுவில் புகுந்து வந்து, அம்மாவின் பக்கத்தில் அடுப்பருகே உட்கார்ந்துகொண்டாள். நிர்மலா அவள் நனைந்த பாவாடையைத் தீயின் பக்கமாகத் திருப்பிவிட்டாள்.

"ஐயோ, அடிப்புடிச்சிட்டாங்களே!"

சாலம்மாள் வந்துவிட்டாள். பின்னால் கருப்பண்ணன், கையில் டீக்கடைப் பொட்டலத்தோடு. அவருடைய செல்போன் இப்போது சாலம்மாளின் இடுப்பில் செருகப்பட்டிருந்தது. அவள் வந்த வேகத்தில் பானையை இறக்கி மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் அடுப்பாண்டயே உக்காந்துகினு சோத்த இப்பிடி வுட்டுட்டீங்களே!"

"நாங்க புருசன் பொண்டாட்டி இல்லைங்க," என்றார் ராஜாங்கம்.

சாலம்மாள் அவரைப் பார்த்தாள். பிறகு நிர்மலாவை. பிறகு இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த ஜீவாவை.

"அப்பிடியா?" என்றாள். மேலாக இருந்த நல்ல சோற்றை அள்ளி, மந்தார இலையில் வைத்து, முதலில் ஜீவாவிடம் நீட்டினாள். கருப்பண்ணன் பொட்டலத்தைப் பிரித்து மசால் வடையை எல்லாருக்கும் பிட்டுப் பிட்டுக் கொடுத்தார். பிள்ளைகள் அதற்குப் பிறகும் நிஜமான வீட்டுக்காரர் யார் என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இறங்குகிற பஸ்ஸில் மலர்விழி வேண்டுமென்றே ஜீவாவை இழுத்துக்கொண்டு முன் சீட்டுக்குப் போய்விட்டாள். மிச்சம் இருந்தது பின்னால் இரண்டு பேர் சீட்டு. நிர்மலா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். ராஜாங்கம் சீட்டின் விளிம்பில், விழுந்துவிடுவார் போல உட்கார்ந்தார்.

இரண்டு மூன்று வளைவு திரும்பியதும் நிர்மலா, வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"குடிப்பீங்களா?"

"இல்லைங்க," என்றார். "எங்கப்பா ராத்திரி எந்நேரத்துக்குக் கூப்புடுவாருன்னு தெரியாது. அதனால அந்தப் பக்கமே போவல. அப்பால அது தேவையும் படல. கடைத் தெருவுல யார வேணா கேட்டுப் பாருங்க."

"கேட்டாச்சி. மலரோட வூட்டுக்காரரு ஒருத்தர் பாக்கி இல்லாம விசாரிச்சிட்டாரு. எனக்கு உங்க வாயால கேக்கணும்."

அவர் தலையை ஆட்டினார்.

"ஜீவாவோட அப்பா கெட்டவரு இல்ல," என்றாள் நிர்மலா. இதைச் சொல்லும்போது அவள் குரல் உறுதியாக இருந்தது. "ஒடம்பு வலிக்குதுன்னு குடிப்பாரு. அன்னிக்கும் அப்பிடித்தான். புள்ளைய தோள்ல ஒக்கார வச்சிகினு தெருவெல்லாம் சுத்துவாரு. குடிச்சி செத்தான்னு அவர யாராச்சும் கேவலமா பேசுனா என்னால தாங்க முடியாது. அது யாரா இருந்தாலும்."

"நான் பேச மாட்டேன்ங்க."

"தெரியாம வாயில வந்துட்டா?"

"வராதுங்க." அவர் ஏதோ கேட்க நினைத்துத் தயங்கினார். "வூட்ல அவரு போட்டோ மாட்டியிருக்கீங்களா?"

"மாட்டியிருக்கு. கூடத்துல."

"அது அங்கயே இருக்கட்டும்ங்க. எடுக்க வாணாம்."

நிர்மலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே அணைத் தண்ணீர் சாயங்கால வெயிலில் பளபளத்தது. அவள் அழுதாள். சத்தம் இல்லாமல், நிதானமாக அழுதாள். ராஜாங்கம் அவள் முகத்தை மற்றவர்கள் பார்க்காதபடி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். மலை இறங்கி முடிவதற்குள் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

கச்சிராயபாளையம் வந்தது. "வரேன்ங்க," என்று எழுந்தார். முன் சீட்டில் ஜீவா தூங்கிவிட்டிருந்தாள். மலர்விழியிடம் தலையசைத்துவிட்டு இறங்கினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது.

நிர்மலா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். அவரை என்னவென்று கூப்பிடுவது என்று யோசிக்க நேரம் இல்லை.

"ஏங்க!"

ராஜாங்கம் திரும்பி ஓடி வந்தார். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பாட்டுக்கு வாங்க. கறி எடுக்குறோம்."

"நான் இன்னா எடுத்தாரட்டும்?" என்று ஓடிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணும் வாணாம். வெறுங்கையோட வாங்க!"

பஸ் வேகம் பிடித்தது. முன் சீட்டில் மலர்விழி திரும்பிப் பார்க்கவில்லை. தூங்குகிற ஜீவாவின் தலையைத் தன் மடியில் இழுத்து வைத்து, கள்ளக்குறிச்சி வரும்வரை தடவிக்கொண்டே இருந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது கண் வீங்கியிருந்தது. "தூங்கிட்டேன் அண்ணி," என்றாள். நிர்மலா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார். ஜீவா அவரைத் தன் சைக்கிள் டைனமோவைச் சரிசெய்யச் சொல்லி அதிகாரம் செய்தாள். தையில் பதிவு அலுவலகத்தில் மாலை மாற்றிக்கொண்டார்கள். ஜீவா பள்ளிக்கூடம் மாற மாட்டேன் என்று சொல்லிவிட்டதால் ராஜாங்கம் கருணாபுரத்துக்கே வந்துவிட்டார். காலையில் டவுன் பஸ் பிடித்துக் கடைக்குப் போய்வருகிறார். மலர்விழி இப்போதும் கடை முடிந்ததும் நேராக அங்கேதான் வருகிறாள். சண்டை போட அவளுக்கு இன்னொரு ஆள் கிடைத்திருக்கிறார்.